வீட்டு வாசலில் ஒரு ஒர்க் ஷாப்!

கோயமுத்தூர்க்காரருக்கு ஒரு குணம் உண்டு. ஒரு யந்திரம் நின்று போய்விட்டால் அவர் உடனே மெக்கானிக்கைத் தேடி ஓடமாட்டார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, "உள்ளே என்னதான் இருக்கிறது, பார்த்துவிடுவோமே!" என்று ஸ்பேனரைக் கையில் எடுப்பார். தோட்டத்து மோட்டார் பம்பு, சமையலறைக் கிரைண்டர், பையனுடைய ஸ்கூட்டர்... எதுவும் அவர் கைக்குத் தப்பாது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு தரையில் நாலு நட்டு மிச்சம் கிடந்தால், அது வேறு கதை!

இந்தக் குணத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சிங்காநல்லூரில் என் மாமா வீட்டு வாசலில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேளுங்கள்.

மாமா ஒரு பஞ்சாலையில் முப்பது வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகளை வால்பாறையில் கொடுத்திருக்கிறது. அவளுக்கு ஏழாவது மாதம். நம் கொங்கு நாட்டு வழக்கப்படி கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து முடித்து, மகளைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். டாக்டரம்மாவும், "நிதானமாக அழைத்துப் போங்கள், குலுங்காமல் போங்கள்" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

குலுங்காமல் போவது என்ன லேசான காரியமா? பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோ மீட்டர். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் 40 கொண்டை ஊசி வளைவுகள்! மாமாவிடம் இருப்பதோ பழையதாக வாங்கிய ஒரு 'எஸ்.யூ.வி.' கார். உயரமான வண்டி, பார்த்தால் யானைக்குட்டி மாதிரி கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் சில மாதங்களாக அதற்கு ஒரு வியாதி.

வேகத்தடை வந்தால் முன்பக்கம் "டொக் டொக்" என்று சத்தம். பிரேக்கை மிதித்தால் மூக்குத் தரையில் முட்டும்படி முன்பாகம் தாழ்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி உடனே அடங்குவதில்லை. தொட்டில் மாதிரி இரண்டு மூன்று தடவை ஆடிவிட்டுத்தான் ஓய்கிறது. முன் டயர்களைத் தடவிப் பார்த்தால் ஒரே சீராகத் தேயாமல், இங்கே ஒரு குழி, அங்கே ஒரு மேடு.

"மாப்ளே, ஷாக் அப்சார்பர் போயிருச்சு" என்றார் மாமா. சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து விரலால் துடைத்துக் காட்டினார். விரலில் கறுப்பு எண்ணெய் பிசுபிசுத்தது. "சீல் கிழிஞ்சு எண்ணெய் வெளிய வந்துருக்குது. உள்ள வெறும் குழாய்தானுங்க இருக்குது."

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

காரை ஓட்டுகிறவர்களில் பலருக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது. எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். மேடு வந்தால் அது சுருங்கும். மேடு தாண்டியதும் விரியும். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. விரிந்ததோடு நிற்காது. மறுபடி சுருங்கும், மறுபடி விரியும். அதைத் தட்டி அடக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் ஷாக் அப்சார்பர். ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் சிறு துவாரங்கள் உள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். எண்ணெய் அந்தச் சின்னத் துவாரங்கள் வழியே திணறிக்கொண்டு புகவேண்டும். அந்தத் திணறலில் ஆட்டத்தின் வேகமெல்லாம் சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது.

எண்ணெய் ஒழுகிவிட்டால் திணறல் ஏது? ஸ்பிரிங் தன்னிஷ்டத்துக்குக் குதிக்கும். குதிக்கிற சக்கரம் ஒவ்வொரு குதிப்பிலும் தரையைச் சரியாகப் பிடிப்பதில்லை. தரையைப் பிடிக்காத சக்கரத்துக்கு எவ்வளவு நல்ல பிரேக் இருந்தும் பிரயோஜனம் என்ன? ஆகவே, "கொஞ்சம் குலுங்குகிறது, அவ்வளவுதானே!" என்று அலட்சியமாக இருப்பது தவறு. சமவெளியில் அது முதுகு வலி; மலை இறக்கத்தில் அது உயிர் விஷயம்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில், முன்பக்கத்து ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தூணாக நிற்கின்றன. இதற்கு 'ஸ்ட்ரட்' என்று பெயர். தூணின் அடி சக்கரத்தின் அச்சுப் பகுதியில் இரண்டு பெரிய போல்ட்டுகளால் மாட்டியிருக்கும். தலை, பானெட்டுக்கு அடியில் மூன்று நட்டுகளால் வண்டியின் உடலோடு மாட்டியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் தூணே திரும்பும்.

இந்த அமைப்பைக் கொண்டு வந்தவர் ஏர்ல் மக்பர்சன் என்ற அமெரிக்க எஞ்ஜினீயர். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயத்தில், செவர்லே கம்பெனிக்காகக் 'கேடட்' என்ற சிறிய, மலிவான காரை உருவாக்கும் பணியில் அவர் இருந்தார். 1947-இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. மனிதர் போர்டு கம்பெனிக்குப் போனார். 1950-இல் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு வந்த இங்கிலாந்து போர்டின் 'கான்சல்' காரில் அவருடைய தூண் இருந்தது. குறைந்த சாமான், குறைந்த இடம், குறைந்த செலவு. உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் முன் சக்கரங்களுக்கு மேல் இருந்ததும் இந்தத் தூண்தான். அதற்கு முன் நாம் ஏறிப் பழகிய அம்பாஸடரில் முறுக்குக் கம்பிதான் முன்பாகத்தைத் தாங்கியது.

கழற்றிப் பார்த்த பையன்

பூர்வீகம் சொல்கிறேன் என்றேன் அல்லவா? கோயமுத்தூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமம். 1893-இல் அங்கே பிறந்த ஒரு பையனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தான். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி! அன்றே அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கோயமுத்தூருக்கு வந்து ஒரு ஹோட்டலில் பரிமாறும் வேலை பார்த்து, காசு சேர்த்து, ஒரு 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினான். வாங்கி ஓட்டினானா? இல்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினான். மறுபடி பூட்டினான்.

அந்தப் பையன்தான் ஜி. டி. நாயுடு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை அவரே ஓட்டத் தொடங்கினார். அதுதான் யு.எம்.எஸ். ஸ்தாபனமாக வளர்ந்தது. 1974-இல் அவர் காலமானார். இன்று அவிநாசி ரோட்டில் அவர் பெயரால் ஒரு கார் மியூசியம் இருக்கிறது.

கழற்றிப் பார்த்தால் புரியும் என்ற நம்பிக்கையை இந்த ஊருக்கு அவர் ஒருவரே கொடுத்தார் என்று சொல்லமாட்டேன். 1888 முதல் இங்கே பஞ்சாலைகள் ஓடின. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் பெருகின. ஆலைகளுக்குப் பிட்டர்கள் வேண்டியிருந்தது. பிட்டர்களைச் சுற்றி லேத் பட்டறைகள் முளைத்தன. பீளமேட்டில் வார்ப்படச் சாலைகள் வந்தன. இப்படித் தலைமுறை தலைமுறையாக இரும்போடு பேசிப் பழகிய ஊர் இது. அந்த ஊர்க்காரரான என் மாமாவிடம் போய், ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் முன்பக்க வேலைக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

"சாமானுக்குக் காசு குடுக்கலாமுங்க மாப்ளே. நாலு போல்ட்டுக் கழட்டறதுக்கு எதுக்குங்க அத்தனை காசு? ஞாயித்துக்கிழமை வாங்க. வாசல்லயே பார்த்துப்போடலாம்!" என்றார்.

வேலை நாள்

ஞாயிறு காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். வாசலில் கோலம் ஒரு ஓரத்தில் இருந்தது. மற்ற இடமெல்லாம் ஸ்பேனர்! மாமா முந்தின நாள் இரவே துரு விடுகிற எண்ணெயை நட்டுகளில் எல்லாம் தெளித்து ஊறவைத்திருந்தார். "துரு பிடிச்ச நட்டும் கோவிச்சுட்ட ஒறம்பரையும் ஒண்ணுதானுங்க. அவசரப்பட்டா உடைஞ்சு போயிரும்" என்றார்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். கைப் பிரேக்கைப் போட்டார். வண்டி தரையில் நிற்கும்போதே முன் சக்கர நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தினார். பிறகுதான் ஜாக்கி. தூக்கிய உடனே வண்டியின் உடலுக்கு அடியில், புத்தகத்தில் காட்டிய இடத்தில், இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டை நிறுத்தி அதன்மேல் வண்டியை இறக்கினார்.

"ஜாக்கிதான் தாங்கிக்கொண்டிருக்கிறதே மாமா?" என்று கேட்டேன்.

"ஜாக்கி தூக்கறதுக்குங்க, தாங்கறதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு, வண்டியைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. அதற்குப் பிறகே குனிந்தார்.

சக்கரம் வெளியே வந்தது. தூணில் மாட்டியிருந்த பிரேக் ஹோஸையும், சக்கர வேகத்தை அளக்கிற மெல்லிய ஒயரையும் கிளிப்பிலிருந்து விடுவித்தார். அடுத்தது லிங்க் ராடு. இதன் நட்டைத் திருகினால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். தண்டின் நுனியில் ஆலன் சாவியைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்ப வேண்டும். மாமாவின் மகன், என் மைத்துனன், பிடித்துக்கொண்டான்.

அடிப்பக்கத்து இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு முன்னால் மாமா ஒரு காரியம் செய்தார். வெள்ளை பெயிண்டைத் தொட்டு, போல்ட் எந்த நிலையில் நிற்கிறது என்று கோடு போட்டுக்கொண்டார். அந்தத் துவாரத்தில் கொஞ்சம் இடம் இருக்குமாம். போல்ட் ஒரு நூல் தள்ளி நின்றாலும் சக்கரம் சாய்ந்துவிடுமாம். ஸ்பேனருக்கு நீளமான பைப்பைச் செருகி ஒரு தம் பிடித்து இழுத்தார். "டக்!" என்ற சத்தத்தோடு நட்டு விட்டுக் கொடுத்தது. அத்தை உள்ளேயிருந்து, "ஏனுங்க, இடுப்புப் பிடிச்சுக்கப் போகுதுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

போல்ட்டுகளை உருவியதும் சக்கர அச்சு வெளிப்பக்கம் சாயப் பார்த்தது. மாமா அதற்கு அடியில் சின்ன ஜாக்கியை வைத்து, ஒரு கம்பியால் அதைக் கட்டியும் வைத்தார். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் பிரேக் ஹோஸில் தொங்கும். உள்ளே சக்கரத்தைச் சுழற்றுகிற தண்டும் மூட்டிலிருந்து விலகிவிடக்கூடும். கடைசியாகத்தான் பானெட்டுக்கு அடியில் உள்ள மூன்று நட்டு. மைத்துனன் கீழே தூணைத் தாங்கிக்கொள்ள, மாமா மேலே மூன்றையும் எடுத்தார். தூண் கைக்கு வந்தது.

ஆனால் அந்த மூன்று நட்டுகளுக்கு நடுவே பெரிதாக ஒன்று இருந்தது. அதை அவர் தொடவில்லை. எனக்கு அது விளங்கவில்லை.

தொடக்கூடாத நட்டு

இனிமேல்தான் விஷயமே! புதிய ஷாக் அப்சார்பரில் பழைய ஸ்பிரிங்கை மாட்டவேண்டும். அந்த ஸ்பிரிங்கோ, தூணில் இருக்கும்போதே சுருக்கி அடக்கப்பட்டிருக்கிறது. காரின் முன்பக்கத்து ஒரு மூலையில் 300, 400 கிலோ பாரம் என்றால், அதைத் தாங்குகிற ஸ்பிரிங் எப்படிப்பட்டதாக இருக்கவேண்டும்! அதை அடக்கி வைத்திருப்பது அந்த நடு நட்டு ஒன்றே. அதை அப்படியே கழற்றினால் ஸ்பிரிங்கும் மேல் தட்டும் பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். எதிரே முகம் இருந்தால் முகம் போய்விடும்.

இதற்காக ஸ்பிரிங் கம்ப்ரசர் என்ற கருவி இருக்கிறது. கொக்கிகள் கொண்ட இரண்டு நீளமான திருகுகள். ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் எதிரெதிராக மாட்டி, இங்கே இரண்டு சுற்று, அங்கே இரண்டு சுற்று என்று சமமாகத் திருகி, ஸ்பிரிங் தட்டைவிட்டு விலகி ஆடும்வரை சுருக்கவேண்டும். பிறகே நடு நட்டைத் தொடலாம்.

மைத்துனன் தெரிந்த இடத்திலிருந்து ஒரு ஜோடி கம்ப்ரசர் வாங்கி வந்திருந்தான். மாமா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருகின் மரைகள் மழுங்கியிருந்தன. ஒரு கொக்கியின் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

"இது ஆகாது" என்றார்.

"அப்பா, ரெண்டு சுத்துத்தானுங்க. மேல சங்கிலி போட்டுக் கட்டிக்கலாம். நானே திருகறனுங்க" என்றான் பையன்.

மாமா பேசவில்லை. தன் இடது கையை நீட்டினார். சுட்டு விரலில் மேல் கணு கிடையாது. சின்ன வயதிலிருந்து அந்தக் கையைப் பார்த்திருக்கிறேன். அது எப்படிப் போயிற்று என்று நான் கேட்டதே இல்லை.

"மில்லுல, ஷிப்ட் முடியறதுக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு. 'ரெண்டு சுத்துத்தானே'ன்னு நானும்தான் நினைச்சேன். உங்கக்காளைக் கூட்டிட்டு வரத்தானே கண்ணு இத்தனையும் பண்றோம்? அவ வர்றப்போ வீட்டுல யாராச்சும் கட்டுப் போட்டுட்டுப் படுத்திருந்தா நல்லாவா இருக்கும்?"

வாசலில் கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அத்தை மோர் கொண்டு வந்து வைத்தாள்.

பிறகு வலது பக்கத் தூணையும் அதே மாதிரி கழற்றினார்கள். இரண்டிலும் 'இடது', 'வலது' என்று சாக்பீஸால் எழுதி, பழைய சாக்கில் சுற்றி, புதிய சாமான்களோடு அடுத்த தெருப் பட்டறைக்குக் கொண்டு போனோம். அங்கே சுவரோடு பொருத்திய பெரிய பிரஸ் இருந்தது. பட்டறைக்காரர் ஸ்பிரிங்கை அதில் கொடுத்து அமுக்கி, நடு நட்டை எடுத்து, புதிய ஷாக் அப்சார்பரை நாலைந்து தடவை மேலும் கீழும் அமுக்கி உள்ளேயிருந்த காற்றை விலக்கிவிட்டு, புதிய ரப்பர், புதிய பேரிங், புதிய நட்டு எல்லாம் போட்டு, ஸ்பிரிங்கின் நுனி தட்டின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து இறுக்கினார். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம். கூலி 600 ரூபாய்.

"இவ்வளவுதானுங்க மாப்ளே" என்றார் மாமா. "600 ரூபாய்க்குக் கையும் கண்ணும் மிச்சம்!"

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பூட்டும் வேலை. கழற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசை. மேல் நட்டுகளை முதலில் விரலால் மட்டும் ஏற்றி, அடியில் பெயிண்டு கோட்டுக்கு நேராகப் போல்ட்டுகளைச் செலுத்தினார். ஒவ்வொரு நட்டையும் புத்தகத்தில் கண்ட அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினார். இறுக்கிய நட்டு ஒவ்வொன்றிலும் பெயிண்டால் ஒரு பொட்டு. ஐந்து மணிக்குச் சக்கரங்கள் தரையைத் தொட்டன. மாமா பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கி விட்டார். வண்டி ஒரே தடவை எழுந்தது; அப்படியே நின்றது. தரையில் நட்டு ஒன்றும் மிச்சமில்லை!

நீங்களும் செய்யப் போகிறீர்களா?

நேயர்கள் சிலர் இதைப் படித்துவிட்டு அடுத்த ஞாயிறே ஜாக்கியைத் தேடலாம். தேடுங்கள், ஆனால் மாமா சொன்ன சில விஷயங்களை மறக்கவேண்டாம்.

எல்லா வண்டிக்கும் ஒரே அமைப்பு அல்ல. கிரெட்டா, டஸ்டர் போன்றவற்றில் மக்பர்சன் தூண். பார்ச்சூனர் மாதிரி பெரிய வண்டியில் கைகள் இரண்டு உள்ள வேறு அமைப்பு. உங்கள் வண்டியின் புத்தகத்தைப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். புதியதும் பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் நொண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஸ்பிரிங்கை அமுக்க நல்ல கருவியும் பழகிய கையும் இல்லாவிட்டால் அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். முழுதாகப் பூட்டிய தூணாகவே விலைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது. வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்க்காமல் நெடுந்தூரம் போகாதீர்கள். பெயிண்டு கோடு போட்டிருந்தாலும் சரியே. இல்லாவிட்டால் நூறு ரூபாயை மிச்சப்படுத்தி ஆயிரக் கணக்கில் டயருக்குக் கொடுக்க நேரும்.

மறுநாள் திங்கட்கிழமை அலைன்மெண்ட் முடிந்தது. ஒரு வாரம் மாமா ஊருக்குள்ளேயே வண்டியை ஓட்டிப் பார்த்தார். 50 கிலோ மீட்டர் ஓடிய பிறகு நட்டுகளின் பெயிண்டுப் பொட்டுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்து மறுபடி பார்த்தார். ஒன்றும் நகரவில்லை.

கட்டுச்சோறு விருந்துக்கு நானும் போயிருந்தேன். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு என்று வகை வகையாகக் கட்டிக்கொண்டு மலை ஏறினோம். திரும்பும்போது பெண்ணை நடுவில் உட்கார வைத்து, அத்தை ஒரு கையால் அவளையும் மறு கையால் முன் ஸீட்டையும் பிடித்துக்கொண்டாள். மாமா கீழ் கியரில், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஏறி வருகிற வண்டிக்கு வழி விட்டு இறக்கினார். நாற்பது, முப்பத்தொன்பது என்று வளைவுகளின் எண் குறைந்துகொண்டே வந்தது. ஒன்பதாவது வளைவில் எல்லோரும் நிறுத்தி ஆழியாறு அணையை வேடிக்கை பார்ப்பார்கள், மாமாவும் நிறுத்தினார்.

"கண்ணு, இறங்கி சித்தெ காத்து வாங்கறயா?" என்று பின்னால் திரும்பிக் கேட்டார்.

பதில் இல்லை. அவள் அம்மாவின் தோளில் சாய்ந்து நல்ல தூக்கத்தில் இருந்தாள்.

"எழுப்ப வேண்டாமுங்க" என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். மாமா சத்தம் இல்லாமல் கியரைப் போட்டார்.